ஐந்தாம் படியில் ஐம்பத்து மூன்று பேர்

தறி ஓடுகிற வீட்டுக் கதவைச் சுபத்ரா தட்டமாட்டாள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். பாய்ந்து பாய்ந்து ஓடுகிற நாடாக் கட்டையில் நூல் தீர்ந்து, வேறு நூல் போடுவதற்காக நெசவாளியின் கை நிற்கும் அல்லவா, அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் குரல் கொடுப்பாள்: "அண்ணா, உள்ள வரலாங்களா?" ஆரணிக்குப் பக்கத்து முள்ளிப்பட்டுக்கு வந்த முதல் வாரம் இது தெரியாமல் பாதி ஓட்டத்தில் கூப்பிட்டுவிட்டாள். நெய்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்ததில் கரையில் இரண்டு இழை அறுந்தது. அவர் திட்டிய திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது. அதோடு சரி, அந்தத் தவறு மறுபடி நடக்கவில்லை. ஒரு தடவை பட்டால் போதும் அவளுக்கு. பட்டும் திருந்தாத பட்டதாரிகள் ஊரில் ஏகப்பட்ட பேர்.

நாற்பத்தாறு வயது. கண்ணமங்கலம் பக்கத்தில் நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்து, பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தேறி, ஆரணிக்கு வாழ வந்தவள். எண்ணெய் தேய்த்து இழுத்துக் கட்டிய கொண்டை, மங்கிய பச்சை நிற ஸ்கூட்டி, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையைப் புடவைக்குள் மறைத்துத்தான் வைத்திருப்பாள். வெளியே தெரிந்தால் ஜனங்கள் ஆதார் கார்டைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அவள் புகார். "கார்டப் பாத்தா மானியம் வருதுன்னு நெனச்சிக்கறாங்க. அப்புறம் எதக் கேட்டாலும் கஷ்டம் கஷ்டம்னே பதில் வரும். நான் இன்னாத்த எழுதறது?"

முன்பு சில வருஷம் டெங்குக் கொசுப்புழு பார்க்கிற வேலை செய்தாள். அதனால் அவளைக் கண்டதும் இன்றைக்கும் சில வீடுகளில் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிப்போய் மூடி போடுகிறார்கள். 'டெங்கம்மா' என்ற பேரும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் சும்மா இல்லை. கேள்வி கேட்க வந்த வீடாக இருந்தாலும் போகிற போக்கில் தொட்டி மூடியை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

இப்போது செய்கிற வேலை அதைவிட நுணுக்கமானது. கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். ஓட்டு யாருக்கு, எந்த சோப்பு, எத்தனை மாடு என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். சுபத்ரா அந்த ரகம் இல்லை. அவள் கேள்விக்கே பரீட்சை வைக்கிறவள். எங்கேயோ ஒரு நாட்டில், படித்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, மனுஷனுடைய நல்வாழ்வை அளப்பதற்கு முப்பத்திரண்டு கேள்விகள் எழுதியிருக்கிறார்கள். பதினோரு நாட்டில் கேட்டும் முடித்தாயிற்று. அதைத் தமிழில் எழுதி ஆரணிப் பக்கத்து நெசவாளிகளிடம் கேட்டால், அங்கே அளந்ததையேதான் இங்கேயும் அளக்குமா? அங்கே ஏழு என்று சொன்னவனும் இங்கே ஏழு என்று சொன்னவனும் ஒரே ஏழைத்தான் சொல்கிறார்களா? இதைக் கண்டுபிடிப்பதற்குச் சென்னையிலுள்ள ஓர் ஆராய்ச்சி அலுவலகம் வேலைக்கு வைத்திருக்கிற ஆள்தான் சுபத்ரா.

அவள் ஆயுதம் ஒன்றே ஒன்று. கேள்வியைக் கேட்பாள், பதிலை வாங்குவாள், பிறகு கையிலிருக்கிற டேப்லெட்டைத் தாழ்த்திக்கொண்டு கேட்பாள்: "நான் இப்ப கேட்டத உங்க வார்த்தையில சொல்லுங்க பாக்கலாம்." அங்கேதான் கேள்வியின் சாயம் வெளுக்கும்.

'காரணம் இல்லாமல் களைப்பாக உணர்கிறீர்களா?' என்பது ஆறாவது கேள்வி. பச்சையப்பன் என்று ஒரு நெசவாளி, அறுபதை நெருங்கியவர், அவளை மேலும் கீழும் பார்த்தார். "காரணம் இல்லாமலா? ஏம்மா, நான் உக்காந்துகினு இருக்கறது இன்னா ஊஞ்சலா? காலைலேர்ந்து தறிக்குழியில கால வுட்டுகினு மிதிச்சிகினு கெடக்கறேன், காரணம் எங்கன்னு கேக்கறியே!" சுபத்ரா அதை அப்படியே எழுதி அனுப்பினாள். கேள்வியை அலுவலகம் திருத்தியது.

'நண்பர்களை விருந்துக்கு அழைப்பதுண்டா?' என்பது பதினான்காவது. அதற்கும் பச்சையப்பனிடம் பதில் இருந்தது. "விருந்துக்குக் கூப்ட்டா வர்றவன் சம்பந்தி. கூப்டாமயே வந்து சோத்துப் பானையத் தெறந்து பாக்கறவன்தான் ஃப்ரெண்டு. உங்க பேப்பர்ல எனக்கு ஃப்ரெண்டே இல்லன்னு எழுதிடாதம்மா." அந்தக் கேள்வியை அடித்தே விட்டார்கள்.

"செரியில்லாத கேள்வி வாசப்படி தாண்டறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும்" என்பாள் சுபத்ரா. பெருமைதான். பதினோரு வருஷம் வெயிலில் அலைந்து சம்பாதித்த பெருமை, பேசிக்கொள்ளட்டும்.

அப்படிப்பட்டவளைத்தான் ஒன்பதாவது கேள்வி கவிழ்க்கப் பார்த்தது.

ஒன்பதாவதில் எழுத்தே அதிகம் கிடையாது. ஏணிப் படம். அடியில் பூஜ்ஜியம், உச்சியில் பத்து. 'உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் இருக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்.' படம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்கு விளக்கம் எதற்கு என்று அலுவலகத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே இந்த ஒரு கேள்விக்கு மட்டும், 'உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேட்க வேண்டாம், நேரத்தை மிச்சம் பிடியுங்கள் என்று உத்தரவு. சுபத்ராவும் கேட்கவில்லை. மொத்தம் நூற்று அறுபது வீட்டில் அறுபது வீடு முடித்தாள். அறுபதில் ஐம்பத்து மூன்று பேர் ஐந்தாம் படியைத் தொட்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை சென்னையிலிருந்து அகல்யா மேடம் போன் செய்தாள். சுபத்ராவுக்கு மேலதிகாரி, முப்பது வயதுதான் இருக்கும், பேச்சில் மரியாதை குறையாத பெண். "சுபத்ராக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சிஸ்டம் ரெட் காட்டுது. ஒரே ஆள் வீட்ல உட்கார்ந்து ஃபில் பண்ணின மாதிரி இருக்குன்னு மேல சொல்றாங்க."

"நான் வூடு வூடா போனேன் மேடம்."

"நீங்க போயிருப்பீங்கக்கா. ஆனா அம்பத்து மூணு பேர் எப்படி ஒரே நம்பர் சொல்வாங்க? வேற எந்த நாட்லயும் இப்படி வரல. வியாழக்கிழமை நானே வர்றேன். நாலஞ்சு வீட்ல நானே கேட்கறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் போய்ப் பேச வேண்டாம்."

போனை வைத்த பிறகுதான் சுபத்ராவுக்குப் பேச்சே வந்தது. "அதுக்கு ரெட்டு காட்டத் தெரியும். முள்ளிப்பட்டுக்கு வந்து பாக்கத் தெரியுமா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

இந்தத் தொழிலில் ஒரு நியாயம் உண்டு. வீட்டிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினவள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால், அப்புறம் எந்த ஆராய்ச்சிக்காரனும் வாசலில் சேர்க்கமாட்டான். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்துக்குச் சொல்லும், அது இன்னொன்றுக்குச் சொல்லும். பதினோரு வருஷமும் ஒரே வாரத்தில் மண்ணாகிவிடும். அரிசி ஆலைக்குப் போய்வருகிற அவள் புருஷன் ஜீவானந்தம் நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்களுக்கும் சில சமயம் புத்தி கோணல் வழியில் போகிறது. "நீ பாட்டுக்கு நாலு வூட்ல ஆறுன்னும் ஏழுன்னும் மாத்திப் போட்டிருந்தா இந்த பேஜார் வந்திருக்குமா?" என்றார்.

சுபத்ரா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "கள்ளத்தனமா எழுதறவளுங்க அப்டித்தான் மாத்தி மாத்திப் போடுவாளுங்க. அவளுங்களுக்கு ரெட்டு வராது. சொன்னத சொன்னபடி எழுதனேன் பாரு, எனக்கு வருது!"

மூன்று நாளாகச் சுபத்ராவுக்குச் சோறு இறங்கவில்லை. படிவங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே தவறினோம்? எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொன்னார்களா? அதெப்படி, இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவில் இரண்டு வாரம் இடைவெளி இருக்கிறதே. நெசவு அவள் பிறந்த வீட்டுத் தொழில் இல்லை. களத்துமேட்டு ஜனங்கள் பேசுகிற மாதிரி தறிக்காரர்கள் பேசுவதில்லை என்பது மட்டும் தெரியும். எங்கே வேறுபடுகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை அகல்யா வந்தாள். வீடுகளை அவளே பொறுக்கினாள். சுபத்ரா உள்ளே வரக்கூடாது, முகத்தைப் பார்த்துப் பதில் மாறும், வெளியே நிற்க வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னாள். பச்சையப்பன் வீட்டில் ஆரம்பம். சுபத்ரா தொட்டி மூடியைத் தூக்கினாள், மூடினாள், மறுபடி தூக்கினாள். உள்ளே அகல்யாவின் குரல் கேட்டது. பச்சையப்பன் "இதாம்மா" என்று சொல்வது கேட்டது. அவர் எதைத் தொட்டார் என்று தெரியவில்லை. வெளியே வந்த அகல்யாவின் முகத்திலும் ஒன்றும் இல்லை.

இரண்டாம் வீடு. மூன்றாம் வீடு. அதை முடித்துவிட்டு வந்த அகல்யா, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "மூணு பேரும் அஞ்சு."

சுபத்ராவுக்கு உயிர் வந்தது. "நான்தான் சொன்னேனே மேடம்!"

"அக்கா, நான் வர்றேன்னு தெரிஞ்சதும் இவங்ககிட்ட ஏதாவது பேசினீங்களா?"

வந்த உயிர் வந்த வழியே போனது. வேறு எண் வந்திருந்தால் அவள் பொய்க்காரி. அதே எண் வந்தால் சொல்லிக்கொடுத்தவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். "என் குழந்தை மேல சத்தியமா இல்ல மேடம்" என்றாள்.

நாலாவது வீடு செல்லியம்மாள் வீடு. ஐம்பத்தைந்து வயது, புருஷன் போன பிறகு தறியைத் தானே பிடித்தவள், வாய்க்குப் பேர்போனவள். தறியில் மாம்பழ நிறச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. அகல்யா ஏணிப் படத்தை நீட்டினாள். செல்லியம்மாள் நாடாவை விடாமலே, எட்டி, ஐந்தாம் படியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எல்லாரும் அஞ்சே சொல்றீங்களே. யாராவது இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

தறி நின்றது. "எனக்கு யாரும்மா சொல்லித் தரணும்? நேத்து வந்த பொண்ணு நீ. நான் இந்தக் குழியில எறங்கறப்ப நீ பொறக்கவே இல்ல. சொல்லித் தராங்களாம்ல!"

வாசலில் நின்ற சுபத்ராவுக்கு அதற்கு மேல் கால் நிற்கவில்லை. உத்தரவாவது ஒன்றாவது. உள்ளே போய் அகல்யாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் கேட்காதே என்று சொன்ன அதே கேள்வியைக் கேட்டாள். "செல்லிக்கா, மேடம் இப்ப கேட்டத உங்க வார்த்தையில சொல்லுங்க."

"எப்டிப் போகுதுன்னு கேக்கறாங்க."

"எது?"

"எதுன்னா? எல்லாந்தான். தறியில பாவு இருக்கறப்ப எப்டிப் போகுதுன்னு யாரு கேட்டாலும் இன்னா சொல்றது? பாதி வந்திருக்குன்னுதான் சொல்லணும். அதான் பாதியில கைய வச்சேன்."

அகல்யாவுக்குப் புரியவில்லை. செல்லியம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். நீளவாக்கில் தறியில் ஏற்றியிருக்கிற நூல்தான் பாவு. அது தறியில் கிடக்கிற வரைக்கும் நெசவாளி வாயால் நல்லா வருது என்று சொல்லக்கூடாது. "சொன்ன வாய மூடறதுக்குள்ள இழை அறுந்துபோவும்." மோசம் என்றும் சொல்லக்கூடாது. "அது பாவு குடுக்கற மொதலாளி காதுக்குப் போச்சின்னா அடுத்த பாவு வேற வூட்டுக்குப் போயிடும்." முக்கால் ஓடியிருந்தாலும் பாதி. நாலு விரல்தான் ஓடியிருந்தாலும் பாதி. பாவு முடிந்து, சேலையைத் தறியிலிருந்து அறுத்து மடித்த பிறகுதான் மனசைத் திறப்பது.

"ஆனா இது தறியப் பத்தின கேள்வி இல்லீங்களே. உங்க வாழ்க்கையப் பத்தி..."

"தறியில பாவு இருக்கச்சே வாழ்க்கை தனியா எங்கம்மா இருக்குது?"

சுபத்ராவின் கை தானாக டேப்லெட்டுக்குப் போனது. அவள் மூளை வேலை செய்யும் விதம் அது. பேசுவதற்கு முன்னால் கை போய்விடும். "மேடம், ரெண்டாவது கேள்வியப் பாருங்க. 'இப்போது தறியில் வேலை இருக்கிறதா'ன்னு கேட்டிருக்கோமே. அதையும் ஒம்போதாவதையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க."

அகல்யா வைத்தாள். ஐந்து என்று சொன்ன ஐம்பத்து மூன்று பேர் வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேர் வீட்டில் பாவு முடிந்து தறி காலி. அந்த ஆறு பேரும்தான் இரண்டு, எட்டு, மூன்று, ஏழு என்று இஷ்டத்துக்குச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் ஒருத்தர் இருக்காரே" என்றாள் அகல்யா. "தறி ஓடுது, ஆனா எட்டு சொல்லியிருக்கார். அன்பரசுன்னு பேர்."

செல்லியம்மாள் சிரித்த சிரிப்பில் தறிக்கட்டை ஆடியது. "அவனா! வெம்பாக்கத்து மாப்ள. மாடு மேச்சிகினு இருந்தவன் வூட்டோட மாப்ளயா வந்து நாலு வருசமா தறி கத்துகினு இருக்கான். எட்டுன்னானா? அதான் அந்த வூட்ல வாரத்துக்கு ஒருவாட்டி இழை அறுந்து கெடக்குது! இரு, அவனுக்கு இருக்குது இன்னிக்கி."

அகல்யாவும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் டேப்லெட்டில் அந்த எட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் நிரப்புகிறவள் எவளுக்கும் இப்படி நிரப்ப வராது. வெம்பாக்கத்து மாப்பிள்ளையைத் தனியாகப் பிரித்து எட்டு போட எந்தக் கெட்டிக்காரிக்கும் தோன்றாது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "படம்னா எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்னு நெனச்சிட்டோம்கா. உங்க கையக் கட்டிப் போட்டது நாங்கதான். ஸாரி" என்றாள். அங்கேயே, தறி வீட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே, மேலதிகாரிகளுக்கு எழுதினாள். எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டவும் செய்தாள்: தப்பு கேள்வியில், கேட்டவரிடம் இல்லை. ஆரணியின் ஐந்தும் மற்ற நாட்டு ஐந்தும் ஒன்றல்ல, பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஏணியை இனிமேல் சேலை அறுத்த நாளில்தான் காட்ட வேண்டும். மீதி நூறு வீட்டையும் சுபத்ராவே பார்ப்பாள்.

பதினோரு நாடு சுற்றிய கேள்வியை முள்ளிப்பட்டுத் தறிக்குழி ஒன்று அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டது. நம்ம பக்கத்து ஆட்களிடம் சரக்கு இல்லை என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கம் அனுப்பி வையுங்கள்.

சுபத்ரா அன்றைக்கு அழவில்லை. அகல்யாவைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் தனியாக உட்கார்ந்து மூன்று பூரி சாப்பிட்டாள். நாலாவதும் கேட்டாள். பிறகு ஜீவானந்தத்துக்குப் போன் போட்டு, "மாத்திப் போடச் சொன்னியே, மாத்திப் போட்டிருந்தா இப்ப நான் காலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

பத்து நாள் கழித்துச் செல்லியம்மாளே ஆள் விட்டு அனுப்பினாள். சுபத்ரா போனபோது மாம்பழ நிறச் சேலை தறியைவிட்டு இறங்கி, மடிப்புக் கலையாமல் பாய் மேல் இருந்தது. தறி காலி. செல்லியம்மாள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இப்ப காட்டு உன் ஏணிய. ஜல்தியா காட்டு, நாளைக்கி அடுத்த பாவு வந்துடும்."

சுபத்ரா படத்தைக் காட்டினாள். விரல் ஐந்தில் நிற்கவில்லை. ஆறு, ஏழு என்று மெல்ல மேலே போனது. எட்டில் தயங்கியது; செல்லியம்மாளின் கண் வாசல் பக்கம் போனது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபத்ரா முதுகைத் தெருவுக்குத் திருப்பி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் படத்தையும் செல்லியம்மாளின் விரலையும் சேர்த்து மூடினாள். பிறகு அந்த விரல் மேலே ஏறி முடிகிற வரைக்கும், தானும் பார்க்காமல், காலித் தறியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.